ஒரே செய்மதியில் சிப்பாயும் சிவிலியனும்

2022 பெப்ரவரி 24 அதிகாலை, ரஷ்யப் படைகள் யுக்ரேனுக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர், அமெரிக்கக் கம்பனியான வியாசாட்டின் கே.ஏ-சாட் செய்மதி வலையமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. யுக்ரேன் இராணுவமும் அதைப் பாவித்து வந்தது. ஆனால், ஐரோப்பாவின் பல நாடுகளில் சாதாரண வீடுகளில் இருந்த மோடங்களும் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. யுத்தத்தில் இல்லாத ஜேர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் தொடர்பு அறுந்தது.

இராணுவமும் வர்த்தகக் கம்பனியும் ஒரே வலையமைப்பில் கலக்கும்போது நடப்பது இதுதான். இருந்தும் இந்தக் கலப்பு வேகமாகக் கூடிக்கொண்டே போகிறது. வர்த்தக விண்வெளிச் சேவைகளைத் தனது கட்டமைப்போடு ஒருங்கிணைப்பதற்கான கொள்கையை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. காரணம் விளங்கக்கூடியதே. இராணுவத்துக்கென்று தனிச் செய்மதி செய்து ஏவப் பல வருடங்களும் பெருந்தொகைப் பணமும் தேவை. கம்பனிகளோ ஆயிரக்கணக்கில் ஏவிவிட்டன.

தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. பழைய வகைச் செய்மதி சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், நமது பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அலைவரிசை வேறு, மோடம் வேறு, மறைகுறியாக்கம் வேறு. ஒன்றுக்குச் செய்த அன்டெனா மற்றதோடு பேசாது. பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால், இரண்டு சிம் போடும் போனைப் போல, ஒன்று போனால் மற்றதுக்குத் தானாக மாறும் கருவிதான் இராணுவங்களுக்கு வேண்டும். பொறியியலாளர்கள் அதைச் செய்துவிடுவார்கள்.

ஆனால் சுவிட்ச் யார் கையில்? கிரிமியாவின் செவஸ்தபோல் வரை ஸ்டார்லிங்க் இணைப்பைத் திறந்துவிடுமாறு யுக்ரேன் கேட்டதாகவும், தான் அதற்கு இணங்கவில்லை என்றும் ஈலோன் மஸ்க் 2023 செப்டெம்பரில் பகிரங்கமாகச் சொன்னார். அவர் மறுத்தது சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஒரு நாட்டின் போர் முடிவு ஒரு வியாபாரியின் சம்மதத்துக்குக் காத்திருந்தது என்பதே இங்கு விடயம். 2025 ஜூலை 24ஆம் திகதி மென்பொருள் கோளாறால் ஸ்டார்லிங்க் உலகெங்கும் இரண்டரை மணித்தியாலம் நின்றபோது, யுக்ரேனின் போர்முனையும் சேர்ந்தே இருண்டது.

மறுபக்கம், யுத்தத்துக்குப் பாவிக்கப்படும் சிவில் செய்மதிகள் பதிலடிக்கு நியாயமான இலக்காகலாம் என்று ரஷ்யப் பிரதிநிதி 2022 ஒக்டோபரில் ஐ.நா.விலேயே சொன்னார். ஒரே செய்மதியில் சிப்பாயின் ட்ரோன் கட்டளையும் ஆஸ்பத்திரியின் அழைப்பும் போகும்போது, சிவிலியனைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் யுத்தச் சட்டம் எதைப் பிரிக்கும்?

இலங்கையில் 2024 ஒகஸ்டில் அனுமதிப்பத்திரம் பெற்ற ஸ்டார்லிங்க், 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. வேகத்தையும் விலையையும் பற்றியே அதிகம் பேசினோம். கேபிள் எட்டாத கிராமத்துக்கும் அனர்த்த வேளைக்கும் அது பயன்படும், மறுப்பதற்கில்லை. எங்கோ நடக்கும் யுத்தத்தில் அந்த வலையமைப்பு தாக்கப்பட்டால் நமது ஆஸ்பத்திரிக்கும் அனர்த்த முகாமைத்துவத்துக்கும் மாற்று வழி எது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் பாராளுமன்றத்தில் எவராவது கேட்க வேண்டும்.