எலியை வெல்வது நஞ்சா, அறிவா?

எலித்தொல்லை என்றவுடன் நம்மில் பலருக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஏட்டில் எழுதுமளவுக்கு இது ஒரு பொருளா என்று கேட்போரும் உண்டு. 1896-இல் பம்பாயில் புகுந்த பிளேக் நோயை எண்ணிப் பார்த்தால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயை மனிதனுக்குக் கொண்டு வருகிறது என்பதை 1898-இல் கராச்சியில் கண்டறிந்தவர் பால் லூயி சிமோந்து என்ற பிரெஞ்சு மருத்துவர். பிளேக் இன்று பெரிதும் அடங்கிவிட்டது. ஆனால் எலியின் சிறுநீர் கலந்த மழைநீரில் வெறுங்காலுடன் நடப்போரை எலிக்காய்ச்சல் இன்றும் தாக்குகிறது. வயலிலும் சாக்கடையிலும் உழைப்பவனே அதற்கு முதலில் இரையாகிறான்.

இவ்வளவு தீங்கு செய்யும் பிராணியை நாம் எப்படி எதிர்க்கிறோம்? கடைக்குப் போய் நஞ்சு வாங்குகிறோம்; தேங்காய்ச் சில்லில் தடவி மூலையில் வைக்கிறோம்; கடமை முடிந்தது என்று உறங்குகிறோம். இது அறிவுடைமை ஆகாது என்பதே என் கருத்து.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதனின் கல்லீரலைச் சிதைப்பது. அதற்கு முறிவு மருந்து கிடையாது. தமிழ்நாடு அரசு 2022-23-இல் அதனை நிரந்தரமாகத் தடை செய்தது மிகவும் பாராட்டத்தக்கது. மற்ற நஞ்சுகள் மட்டும் என்ன? தவழும் குழந்தைக்குத் தின்பண்டம் எது, நஞ்சு எது என்று தெரியுமா? நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் பூனையும் கூட மடிகின்றன. எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதை என்பது இதுதான்!

விலங்கியல் கூறும் சில உண்மைகளைக் காண்போம். எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 21 முதல் 23 நாட்களே. ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள் பிறக்கும். மூன்று மாதத்திற்குள் அவையும் ஈனத் தொடங்கும். ஆகவே பத்து எலியைக் கொன்றாலும், இரையும் இடமும் இருக்கும் வரையில் எஞ்சியவை அந்த இடத்தை விரைவில் நிரப்பிவிடும். அப்படியானால் நாம் குறைக்க வேண்டியவை இரையும் இடமுமே அல்லவா?

சுண்டெலி நுழைய ஒரு பென்சில் பருமனுள்ள துளை போதும். அத்தகைய துளைகளைக் கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டால் அடைக்க வேண்டும். சாக்கடை வாயில் கம்பிவலையும், கதவின் அடியில் தகரமும் அடிக்க வேண்டும். தானியத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வைக்க வேண்டும். நம் பாட்டிமார் குதிரும் உறியும் அமைத்தது இதே அறிவால்தான். பொறி வைப்பதிலும் முறை உண்டு. எலி புதிய பொருளைக் கண்டு அஞ்சும். சுவரை ஒட்டியே ஓடும். எனவே பொறியைச் சுவரோரமாக வைத்து, இரண்டு மூன்று நாள் விசை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கிய பிறகே விசை ஏற்ற வேண்டும். மூஞ்சூறு எலியினம் அன்று. பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுவது. அதனை எலியென்று அடித்துக் கொல்வது அறியாமை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'சுத்தமாக இருந்தால் எலி வராது' என்று மேடையில் பேசுவது எளிது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். நாட்டு ஓடும் மண்சுவரும் கொண்ட வீட்டின் நிலையை அறிந்தவன். என் தாய் நாள்தோறும் சாணமிட்டு மெழுகுகிறார். ஆயினும் எலி வருகிறது. குறை அவருடைய துடைப்பத்தில் இல்லை. ஓட்டின் இடுக்கிலும், மூடாத சாக்கடையிலும், அள்ளாத குப்பையிலும் இருக்கிறது. ஒரு வீடு மட்டும் துளையை அடைத்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். தெருவே சேர்ந்து அடைத்தால்தான் ஒழியும். ஊராட்சியும் நகராட்சியும் தங்கள் பங்கைச் செய்யாமல் ஏழையின் தூய்மையைப் பழிப்பது நியாயமன்று.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலையைச் செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அடுத்த முகாமில் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். வீடு வீடாகச் சென்று வளைகளைக் கணக்கெடுப்போம். மக்களோடு சேர்ந்து அடைப்போம். நஞ்சின் கேட்டை எடுத்துரைப்போம். குப்பையை அகற்றுமாறு ஊராட்சிக்கு மனு எழுதித் தருவோம். விலங்கியல் துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டினால் மூன்று மாதம் கழித்து மீண்டும் கணக்கெடுத்துப் பயனை அளந்து பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற கல்வி குடிசையின் சுவரையும் எட்ட வேண்டும். எட்டாத கல்வியால் யாருக்குப் பயன்?

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)