டிரைவர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு, நன்றாக ஓடும் பழைய மடிக்கணினியைக் குப்பையில் போட மனம் வராமல் லினக்ஸ் போட்டுக்கொண்ட பெரியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பழைய கணினியில் முதலில் படுத்துக்கொள்வது வைஃபை. கடைக்குப் போனால் கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி அடாப்டரைக் கொடுத்து, "சார், லினக்ஸா? நெட்டிலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டுக்குங்க" என்கிறார் தம்பி. நெட் வேண்டும் என்றுதானே அடாப்டரே வாங்குகிறோம்? நெட் இல்லாத கணினியில், நெட் வருவதற்கான டிரைவரை, நெட்டிலிருந்து எப்படி இறக்குவது? அரிசி வாங்கப் பணம் கேட்டவனிடம் அரிசியை விற்றுப் பணம் எடுத்துக்கொள் என்பது போல இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடாப்டரை வாங்கிவிட்டு டிரைவரைத் தேடக் கூடாது. லினக்ஸ் கெர்னலுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் டிரைவர் எது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற அடாப்டரை வாங்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் டிரைவரை நம் வயதுக்காரர்கள் தொடவே கூடாது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் டிரைவருக்கு 'பிலோத்' என்று பெயர். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவருகிறவருக்கும் அதே பெயர்தான். கெர்னலுக்கு 'நுவாயோ', அதாவது பழத்துக்குள் இருக்கும் கொட்டை. இயங்குதளத்தின் கொட்டைக்குள் இருந்துகொண்டு ஒவ்வொரு சாதனத்தையும் கரை சேர்க்கிறவன் டிரைவர். அந்த ஆள் கெட்டிக்காரனாக இருந்தால் மட்டும் போதாது. துறைமுகத்தோடு சேர்ந்தவனாகவும் இருக்க வேண்டும்.

இது எப்படி நடக்கிறது? அலுவலகத்தில் தபால் பிரிவு பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். அடாப்டரைச் செருகியதும் அது தன் தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் சொல்லும். தான் எந்த வகைச் சாதனம் என்பதையும் சொல்லும். கெர்னலில் உள்ள ஒவ்வொரு டிரைவரும் தான் கவனிக்கும் எண்களின் பட்டியலை வைத்திருக்கும். எண் பட்டியலில் இருந்தால் அந்த டிரைவர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். உறையின் மேல் விலாசம் பார்த்து உரிய செக்‌ஷனுக்கு அனுப்புவோமே, அதே வேலை. எந்த செக்‌ஷனும் ஏற்காத உறை மேசையிலேயே கிடக்கும். கடைத் தம்பி கொடுத்த அடாப்டரும் அப்படித்தான் கிடக்கிறது.

இதில் பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்பிப் பயனில்லை. டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற அடாப்டர் லினக்ஸ்காரர்களிடையே பிரசித்தம். முதல் பதிப்பில் ஏத்தராஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 சிப்பு இருந்தது. அதற்குக் கெர்னலுக்குள்ளேயே நல்ல டிரைவர் உண்டு. இரண்டாம் பதிப்பில் உள்ளே ரியல்டெக்கின் வேறு சிப்பை வைத்தார்கள். மாடல் பெயர் அதே. பதிப்பு எண் மட்டும் சின்ன எழுத்தில். முதலாவதை வாங்கி மகிழ்ந்தவர் சொன்னதைக் கேட்டு இரண்டாவதை வாங்கியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே இருக்கும் ஆளை மாற்றிவிட்டு வாசலில் பழைய பெயர்ப்பலகையையே தொங்கவிடுவது வாங்குகிறவருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

"வெளி டிரைவரைப் போட்டால் என்ன? ஒரே ஒரு கட்டளைதானே!" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒரு கட்டளை அல்ல தம்பி, ஆயுள் சந்தா. லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. அதன் உள் அமைப்பை அவர்கள் தேவைப்படும்போதெல்லாம் மாற்றுவார்கள். மாற்ற மாட்டோம் என்று உறுதி தருவதில்லை. ஆனால் ஒரு மாற்றத்தைச் செய்கிறவர், கெர்னலுக்குள் அதனால் பாதிக்கப்படும் எல்லா டிரைவர்களையும் சேர்த்தே திருத்தித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். வீட்டுக்குள் இருக்கும் டிரைவருக்கு அந்தக் கவனிப்பு தானாகக் கிடைக்கும். வெளியே இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மறுநாள் காலை வைஃபை இருக்காது. செக்யூர் பூட் போட்டிருந்தால் கையொப்பம் இல்லாத டிரைவர் முதல் நாளே ஏறாது.

எங்கள் தெருவில் உள்ள ஒரு சொல்தா ஐயாவுக்கு இதுதான் நடந்தது. பேத்தி பிரான்சில் இருக்கிறாள். கடையில் யாரோ வெளி டிரைவர் ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஓடியது. ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு 11 நாள் பேத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த 11 நாளில் அவள் பிறந்த நாளும் போய்விட்டது. "ஒரே கட்டளை" என்கிறவர்கள் அந்த ஐயாவின் முன்னால் வந்து அதைச் சொல்லட்டும்.

அடுத்த வாதம்: "சிப்பைச் செய்தவனுக்குத் தெரியாததா? அவன் தரும் டிரைவர்தான் சிறந்தது." இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. கம்பி வழி யூஎஸ்பி அடாப்டர்களில் பரவலாக இருக்கும் ரியல்டெக் 8153 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு விதமாகப் பேசத் தெரிந்தது: எல்லாருக்கும் பொதுவான முறை ஒன்று, தன் கம்பெனிக்கே உரிய முறை ஒன்று. கெர்னலின் பொது விதி, முடிந்தவரை பொது முறையைத் தேர்ந்தெடுப்பது. தனி டிரைவர் கைவசம் இருப்பதைவிடப் பொது டிரைவர் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது அதன் கணக்கு. ஆனால் இந்தச் சிப்புக்குத் தனி டிரைவர்தான் மேல்; சிப்பின் முழுத் திறமையையும் அதுதான் வெளியே கொண்டுவரும். அதனால் 2023-இல், இந்தச் சிப்புகளுக்கு மட்டும் சரியான முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க ஒரு சிறு துணை டிரைவரைக் கெர்னலில் சேர்த்தார்கள்.

ஆக, செய்தவன் எழுதிய டிரைவருக்கு நான் விரோதி அல்ல. அந்தத் தனி டிரைவரை எழுதியதே ரியல்டெக் ஆட்கள்தான். எழுதி, கெர்னலுக்குள் கொடுத்து, எல்லார் பார்வைக்கும் வைத்தார்கள். கம்பிக்குச் செய்ததை வைஃபை அடாப்டர்களுக்கும் அன்றே ஏன் செய்யவில்லை என்பதே என் கேள்வி. 8812ஏயூ என்ற அவர்களுடைய வைஃபை சிப்பு ஏறக்குறைய பத்தாண்டு விற்ற பிறகு, 2025 தொடக்கத்தில்தான் அதற்குக் கெர்னலுக்குள் முறையான டிரைவர் வந்தது. அதற்குள் எத்தனை அடாப்டர்கள் மேசை இழுப்பறைக்குள் போயிருக்கும்!

அந்த இடைவெளியைச் சம்பளம் வாங்காத ஆட்கள் நிரப்பினார்கள். அவர்களில் லாரி ஃபிங்கர் என்ற அமெரிக்கப் பெரியவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2005 முதல் லினக்ஸ் வைஃபை டிரைவர்களுக்காக உழைத்தவர். கெர்னலில் அவர் செய்த திருத்தங்கள் ஆயிரத்துக்கும் மேல். கம்பெனி கைவிட்ட டிரைவர்களைப் புதிய கெர்னலில் ஓடும்படி திருத்தித் திருத்திப் பொதுவில் வைத்தார். 2024 ஜூனில் முதுமையில் காலமானார். நம் வயதுக்காரர் ஒருவர் முகம் தெரியாத மனிதர்களின் கணினிகளைத் தாங்கிப் பிடித்தார் என்பதில் எனக்குப் பெருமை. அதே சமயம் கோபமும் வருகிறது. ஒரு முதியவரின் மூச்சை நம்பியா கோடிக்கணக்கில் விற்கும் சிப்பு ஓட வேண்டும்? அவர் வெளியே வைத்துக் காத்ததைவிட, உள்ளே சேர்த்துவிட்டுப் போனதுதான் நிலைக்கும்.

சரி, என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாங்கும் முன் பெட்டியில் மாடல் பெயரோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். அந்தப் பதிப்பில் என்ன சிப்பு, அதற்குக் கெர்னலுக்குள் டிரைவர் உண்டா, எந்தப் பதிப்பிலிருந்து என்று வீட்டுப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் கெர்னல் அதற்கு முந்தியது என்றால் பயன் இல்லை. முடிந்தால் மடிக்கணினியைக் கடைக்கே எடுத்துச் சென்று, செருகி, வைஃபை பெயர்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எதுவும் இறக்காமல் வேலை செய்தால் வாங்குங்கள்; இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். அதுவரை அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கான டிரைவர் கெர்னலுக்குள் வெகுநாளாக இருக்கிறது.

கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பில்லில் சிப்பின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். தெரியாது என்பார். நாலு பேர் கேட்டால் தெரிந்துகொள்வார், பத்து பேர் கேட்டால் மொத்த வியாபாரியிடம் கேட்பார். பென்ஷன் பணத்தில் வாங்குகிறோம்; கேட்க வெட்கப்பட வேண்டாம்.