கிழிசல் என்றால் கத்திதானா?

கையைத் தூக்கினால் தோளில் சுரீரென்கிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்தால் 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு' என்கிறார்கள். தைத்தால்தான் வலி போகும், அதுவரை கையை அசைக்கக் கூடாது என்று ஊரே சொல்கிறது. இந்தத் தீர்ப்பை நம்பிப் பயந்துபோய் வருகிறவர்கள்தான் அதிகம்.

கிழிசலில் இருந்தே தொடங்கலாம். தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் இருக்கின்றன. ஊரில் 'ஜவ்வு' என்பதும், மருத்துவர்கள் 'ரொட்டேட்டர் கஃப்' என்பதும் இவற்றைத்தான். வயது ஏற ஏற இவை நைந்துபோகும், நரை விழுவதுபோல. 1995-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோள் வலியே இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கிழிசல் இருந்தது! ஜப்பானியக் கிராமம் ஒன்றில் 664 பேரைச் சோதித்தபோதும், நாண் முழுதாகக் கிழிந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு வலி இல்லை. கிழிசல் இருப்பதை ஸ்கேன் காட்டும். வலி அந்தக் கிழிசலால்தான் வருகிறது என்று ஸ்கேனால் சொல்ல முடியாது.

சரி, மேலே இருக்கும் எலும்பு நாணை உரசுகிறதாமே, அதைச் செதுக்கிவிட்டால்? அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1972-ல் முன்வைத்த இந்த விளக்கம் உலகெங்கும் பரவியது. 2018-ல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மொத்தம் 313 பேர். சிலருக்கு எலும்பைச் செதுக்கினார்கள்; சிலருக்குத் துளை போட்டு, கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி. இரண்டு தரப்புக்கும் வலி குறைந்த அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மறு ஆண்டே, இத்தகைய வலிக்கு இந்த அறுவை வேண்டாம் என்று 'பிஎம்ஜே' வழிகாட்டுதல் அழுத்தமாகச் சொல்லிவிட்டது.

கையை அசைக்காதே என்பது இன்னும் மோசமான யோசனை. வேலை கொடுக்காத நாண் மேலும் பலவீனமாகும். ஸ்வீடனில் அறுவைக்குக் காத்திருந்தவர்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாண்களை வலுவாக்கும் பயிற்சியை 12 வாரம் கொடுத்தார்கள். மற்றதற்குப் பொதுவான அசைவுப் பயிற்சி. பிறகும் அறுவை வேண்டும் என்றவர்கள் முதல் குழுவில் 20 சதவீதம், மற்றதில் 63 சதவீதம். பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிப்பதில் தப்பில்லை. மறுநாளுக்குள் அது அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லையா, சுமையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

'பத்து நாள் கரண்ட் வெச்சேன், ஒண்ணும் கேட்கலை' என்பார்கள். கேட்காதுதான், கரண்ட் வைத்தால் நாண் வலுவாகாது. தினமும் வரச் சொல்லி பேக்கேஜ் விற்பவர்களுக்குப் பிடிக்காத செய்தி ஒன்றும் உண்டு. 2021-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் 708 பேர் இருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒருமுறை நன்றாகச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்தவர்களும், ஆறுமுறை வரை போய்ப் பயின்றவர்களும் ஓராண்டு முடிவில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். தோளில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான்: சில வாரங்களுக்குச் சற்று நிம்மதி தரும், அவ்வளவே.

கத்தியே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. விழுந்து அடிபட்டு, அன்றிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அந்தக் கிழிசலைத் தைப்பதில் தாமதம் கூடாது. எந்தப் பக்கமும் திரும்பாமல் தோள் இறுகிப்போவது, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு வருவது, வேறு சங்கதி. தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் பிசியோவைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.