வழியறிவதிலும் சுயராஜ்யம் வேண்டும்

தேசத்தின் எல்லையைக் காக்கப் படை வேண்டுமென்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். தன் வழியைத் தானே அறியும் சக்தியும் சுயராஜ்யத்தின் ஓர் அங்கமே என்பதை நம்மவர் இன்னும் நன்குணரவில்லை. நம் வண்டியோட்டிகளும் விமானிகளும் பெரும்பாலும் அமெரிக்க ராணுவத்தின் ஜி.பி.எஸ். கோள்களை நம்பியே வழி பார்க்கின்றனர். 2000 மே மாதம் வரையில் அந்நாட்டார் பொதுஜனங்களுக்கு அனுப்பிய குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தனர்; இடம் சுமார் 100 மீட்டர் வரை பிறழ்ந்தது. கொடுப்பவன் குறைக்கவும் வல்லவன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இதையுணர்ந்தே நமது விஞ்ஞானிகள் ‘நாவிக்’ என்னும் சொந்தக் கோள்வரிசையைத் தொடங்கினர். முதற்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பிற்று. கோளின் உயிர் அதிலுள்ள அணுக்கடிகாரம். பத்து லட்சத்திலொரு பங்கு வினாடி தவறினால் தூரக்கணக்கு 300 மீட்டர் பிழைபடும். ஐரோப்பாவில் வாங்கிய கடிகாரங்கள் மூன்றும் அம்முதற்கோளிலேயே பழுதுற்றன. 2023 மே மாதம் சுதேசிக் கடிகாரத்துடன் புதுக்கோள் சென்றது. ஆனால் 2025 ஜனவரியில் அடுத்து அனுப்பிய கோள் உரிய பாதையை எட்டவில்லை. கோள்வரிசை நிறைவாக நிற்பதற்குள் தளர்ச்சி கூடாது.

ஆயினும் கோள் மட்டும் போதாது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். இடமறியக் குறைந்தது நான்கு கோள்கள் தென்பட வேண்டும். மலைச்சரிவும் மரச்செறிவும் வானத்தை மறைத்தால் குறிப்பு அறுபடும். அவ்வேளையில் கைகொடுப்பது ஜடத்துவ உணர்கருவி. வண்டியின் வேகம் மாறுவதையும் திசை திரும்புவதையும் அளந்து இடத்தைக் கணிக்கும் சிலிக்கன் துணுக்கு அது; விலையும் சொற்பம். ஆனால் அதன் பிழை காலத்தின் வர்க்கமாக வளரும். வேகமாற்றத்தை வினாடிக்கு வினாடி ஒரு சென்டிமீட்டர் தவறாக அளந்தால், ஒரு நிமிஷத்தில் 18 மீட்டரும், பத்து நிமிஷத்தில் 1,800 மீட்டரும் வழி பிசகும். கோள் தெரியும்போது அப்பிழையைத் திருத்தும். கோள் மறையும்போது துணுக்கு வழி நடத்தும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதே இச்சேர்க்கையின் பயன். மலைவாசி ஒருவருக்கு நோய் கண்டு 108 வண்டி விரையுமிடத்தில் இஃது உயிர்ப் பிரச்னையாகும்.

மறைப்பது மலை மட்டுமன்று, வஞ்சகரும் உளர். 2025 நவம்பரில் தில்லியை நெருங்கிய சில விமானங்களைப் பொய்க்குறிப்புகள் மயக்கின என்பதை மத்திய சர்க்காரே பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். வெளியிலிருந்து எந்தக் குறிப்பையும் பெறாத ஜடத்துவக் கருவியை அவ்விதம் ஏமாற்ற இயலாது.

அத்துணுக்குகளோ இன்று பெரும்பாலும் ஜெர்மனி, ஜப்பான் முதலிய தேசத்துக் கம்பெனிகளின் சரக்கு. வானத்தில் சுதேசியம், கையில் பரதேசியம் என்பது அரைச் சுயராஜ்யமேயன்றி வேறென்ன? நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. திருவனந்தபுரத்தில் ராக்கெட்டுகளுக்குரிய ஜடத்துவக் கருவிகளையும், மொஹாலியில் சிலிக்கன் துணுக்குகளையும் நம்மவரே செய்கின்றனர். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியும் நம்மவர் வகுத்துச் சமைத்ததே.

இல்லாதது சந்தையின் ஆதரவு. பிரயாணி வாகனங்களில் இடங்காட்டும் கருவி வேண்டுமென்ற விதி 2019 முதல் உள்ளது. நாவிக்கும் உள்நாட்டு ஜடத்துவத் துணுக்கும் ஒருங்கே அமைந்து, ஜவ்வாது போன்ற மலைப்பாதையில் ஓட்டித் தேறிய கருவியையே தன் பஸ்களுக்கும் 108 வண்டிகளுக்கும் வாங்குவதென்று சர்க்கார் உறுதி செய்யட்டும். வாங்குவோர் உண்டென்று தெரிந்தால் செய்வோர் தாமே முன்வருவர்.