வார்சா சதுக்கம் டூப்ளிகேட்டா?

ஐரோப்பாவுக்குப் போய் வருவது நம் சங்க அங்கத்தினர்களுக்கு இப்போது புதிதல்ல. பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். பெற்றோர் கோடையில் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறார்கள். பாரிஸ், ரோம், பிராக் என்று அடுக்குகிறவர்களிடம் "வார்சா பார்த்தீர்களா?" என்று கேட்டால், "அங்கே என்ன சார் இருக்கிறது? பழைய ஊர் என்று காட்டுவதெல்லாம் 1950-களில் கட்டியதாமே! டூப்ளிகேட்டைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று பதில் வருகிறது. இரண்டு முறை போய்வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த அபிப்பிராயம் சரியல்ல.

போலந்தின் தலைநகரான வார்சாவில் உள்ள பழைய நகரச் சந்தைச் சதுக்கம் ஒன்றும் பெரியதல்ல. நீளம் 90 மீட்டர், அகலம் 73 மீட்டர். நான்கு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிய குறுகலான மாடி வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நடுவில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி சிலை. அந்நகரத்தின் சின்னமே அவள்தான்.

1944 ஆகஸ்டில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து வார்சா மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 63 நாள் போராடித் தோற்றார்கள். சண்டையிலேயே பழைய நகரம் நொறுங்கிற்று. சண்டை ஓய்ந்த பிறகு, மக்களை வெளியேற்றிவிட்டு, மிச்சமிருந்த நகரத்தைத் தெருத் தெருவாகக் கொளுத்தியும் வெடி வைத்தும் ஜெர்மன் படையினர் அழித்தார்கள். பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் போயிற்று. அதே சதுக்கம் 1953 ஜூலையில் மறுபடி திறக்கப்பட்டது.

எப்படி முடிந்தது? சிவில் டிப்ளமாக்காரனான எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. வெள்ளத்தில் பாலம் போனால் நாங்கள் முதலில் தேடுவது சிமெண்டை அல்ல, டிராயிங்கை. வார்சாவில் டிராயிங் இருந்தது. வார்சா பாலிடெக்னிக்கின் (பெயர்தான் பாலிடெக்னிக், என்னைப் போன்றவர்களுக்கு டிப்ளமா கொடுக்கும் இடமல்ல, பெரிய பல்கலைக்கழகம்) கட்டடக் கலைத் துறையில் போருக்கு முன்பே மாணவர்களை அனுப்பிப் பழைய கட்டடங்களை டேப் பிடித்து அளந்து வரையச் செய்திருந்தார்கள். ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த வேலை ரகசியமாக நடந்தது. போரின் கடைசி மாதங்களில் அந்த வரைபடங்களை நகரத்துக்கு வெளியே கடத்திக்கொண்டு போய், பியோட்ர்குவ் என்ற ஊரின் மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். அதில் முன்நின்றவர் யான் ஸக்வதோவிச் என்ற பேராசிரியர். பின்னர் மறுநிர்மாணத்தில் பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பேற்றவரும் அவரே. ஊரே எரிந்து கிடக்கும்போது காகிதக் கட்டுகளைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள். பழைய டிராயிங் கட்டுகளை எடைக்குப் போட்ட ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தவன் நான். எனக்கு இது லேசான விஷயமாகப் படவில்லை.

பெல்லோத்தோ என்ற இத்தாலிய ஓவியர் 18-ஆம் நூற்றாண்டில் தீட்டிய வார்சா காட்சிகளைப் பார்த்துத்தான் ஊரைக் கட்டினார்கள் என்று கைடுகள் கதையாகச் சொல்வார்கள். அந்த ஓவியங்கள் உதவியது உண்மை. ஆனால் ஓவியத்தை வைத்துக்கொண்டு சுவர் எழுப்ப முடியாது, அளவு வேண்டும்.

ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் கோபுரத்துச் சுதை பொம்மைகளைப் புதுப்பித்து வர்ணம் பூசுகிறோம். அதை யாரும் டூப்ளிகேட் என்பதில்லை. யுனெஸ்கோவும் 1980-ல் பழைய வார்சாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ஏறக்குறைய முழுவதும் மறுபடி கட்டியது என்று தெரிந்தே, அதைச் சொல்லியே சேர்த்தது. மறுநிர்மாண அலுவலகத்தின் ஆவணங்களும் 2011-ல் யுனெஸ்கோவின் 'உலகின் நினைவு' பதிவேட்டில் இடம் பெற்றன.

குறை இல்லாமல் இல்லை. 1939-ல் இருந்ததை அப்படியே கட்டவில்லை. பிற்காலத்தில் சேர்ந்தவற்றில் பலதை விட்டுவிட்டு 17, 18-ஆம் நூற்றாண்டுத் தோற்றத்தையே விரும்பிக் கொண்டுவந்தார்கள். பின்கட்டுகளில் நெருக்கிக் கட்டியிருந்தவற்றைத் திரும்ப எழுப்பாமல் காற்றும் வெளிச்சமும் வர விட்டார்கள். உள்ளே அந்தக் காலத்துக்கு நவீனமான குடியிருப்புகள். என் கண்ணுக்கு அது நல்ல இஞ்சினீயரிங். ஆனால் செங்கல் போதாமல் வ்ரோட்ஸ்வாஃப் போன்ற ஊர்களின் கட்டடங்களை இடித்து எடுத்து வந்தது அந்த ஊர்க்காரர்களுக்கு உவப்பாக இருந்திருக்காது.

இன்னொன்று, கைடுகள் விட்டுவிடுவது. சதுக்கத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் முரானோவ் என்ற பகுதி வரும். போருக்கு முன் யூதர்கள் நிறைந்து வாழ்ந்த இடம். பின்னர் அவர்களை அடைத்து வைத்த கெட்டோவாயிற்று. 1943-ல் அங்கே எழுந்த கிளர்ச்சியை அடக்கித் தரைமட்டமாக்கினார்கள். அந்தத் தெருக்களை யாரும் பழையபடி கட்டவில்லை. திரும்பிவந்து கேட்க அங்கே வாழ்ந்தவர்களில் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. இடிபாட்டைச் சமப்படுத்தி, அதன் மேலேயே புதிய குடியிருப்புகளை எழுப்பினார்கள். சதுக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் வார்சாவில் பாதியைத்தான் பார்த்ததாகும்.

ஆகவே, பிள்ளைகள் டிக்கெட் போடும்போது வார்சாவுக்கு இரண்டு நாள் கேளுங்கள். சதுக்கத்துக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் கூட்டம் இருக்காது. பிற்பகல் முரானோவ். அங்கே பல கட்டடங்கள் தெருமட்டத்தைவிட உயர்ந்த மேட்டில் நிற்பதையும், வாசலுக்குப் படியேறிப் போகவேண்டியிருப்பதையும் பார்க்கலாம். அந்த மேடு இயற்கையானதல்ல.