எத்தனை வாட் என்பதோடு எப்போது நிறுத்தும் என்றும் கேளுங்கள்

சொந்தமாகக் கணினி பொருத்தத் திட்டமிடும் மாணவரின் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதலில் கிராஃபிக்ஸ் அட்டை. அடுத்து செயலி. பிறகு தாய்ப்பலகை, ரேம், எஸ்.எஸ்.டி. அதன்பின் கண்ணாடிப் பெட்டியும் நிறம் மாறும் விசிறிகளும். எல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு பவர் சப்ளை. கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலோ சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரிலோ அந்தப் பணத்துக்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிடும். அட்டைப்பெட்டியில் 600 வாட் என்று பெரிதாக அச்சிட்டும் இருப்பார்கள்.

இந்தப் பட்டியலைத் தலைகீழாக எழுதுங்கள் என்கிறேன். பவர் சப்ளை முதல் வரியில் இருக்கட்டும். நிறம் மாறும் விசிறிகள் கடைசிக்குப் போகட்டும்.

காரணம் எளிது. நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணினிக்குள் இருக்கும் சில்லுகளுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரம். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது பவர் சப்ளை மட்டுமே. ரேம் கெட்டால் ரேம் மட்டும்தான் கெடும். பவர் சப்ளை மோசமான முறையில் கெட்டால், 12 வோல்ட் போக வேண்டிய கம்பியில் அதைவிட அதிகமாக அனுப்பி, நீங்கள் பல மாதம் சேமித்து வாங்கியவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடக்கூடும்.

அப்படியானால் 600 வாட்டுக்குப் பதில் 1000 வாட் வாங்கினால் பாதுகாப்பா? இல்லை. முதலில் உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கூட்டிப் பாருங்கள். ஆர்.டி.எக்ஸ். 4060 கிராஃபிக்ஸ் அட்டைக்கு 115 வாட். 65 வாட் வகைச் செயலி கடுமையாக உழைக்கும்போது ஏறக்குறைய 90 வாட் இழுக்கும் என்று வையுங்கள். மற்றவற்றுக்குத் தாராளமாக 60 வாட். மொத்தம் 265. அந்த அட்டைக்கு என்விடியா நிறுவனம் சொல்லும் பவர் சப்ளை அளவு 550 வாட்தான். 1000 வாட் என்பது, நாசி லெமாக் ஒரு பொட்டலம் வாங்க லாரி எடுத்துப் போவதைப் போன்றது.

அடுத்து, பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். கிராஃபிக்ஸ் அட்டையும் செயலியும் 12 வோல்ட் வரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. எனவே அந்த வரிக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 600 வாட் என்று பெயர் வைத்திருக்கும் ஒன்றில் 12 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 பெருக்கல் 25, அதாவது 300 வாட்தான் உங்களுக்குப் பயன்படும். 550 வாட் என்று அடக்கமாகச் சொல்லும் இன்னொன்றில் 45 ஆம்பியர் இருந்தால் 540 வாட். இந்தப் பெருக்கலுக்குக் கைப்பேசிகூட வேண்டாம்.

80 பிளஸ் வெண்கலம், தங்கம் என்ற சான்றுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை செயல்திறனை அளப்பவை. சுவரிலிருந்து எடுத்ததில் எத்தனை விழுக்காடு கணினிக்குப் போகிறது, எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. மின்கட்டணத்துக்கு நல்லது. ஆனால் கோளாறு வந்தால் அந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தத் தங்கம் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஓ.சி.பி., ஓ.வி.பி., எஸ்.சி.பி. என்ற மூன்று சுருக்கங்களைத் தேடுங்கள். மின்னோட்டம் அளவு மீறினால் நிறுத்துவது, மின்னழுத்தம் அளவு மீறினால் நிறுத்துவது, குறுக்குச்சுற்று ஏற்பட்டால் நிறுத்துவது. மூன்றும் ஒரே கேள்விக்கான பதில்கள்தான்: இந்தப் பெட்டி எப்போது தன் வேலையை நிறுத்திக்கொள்ளும்?

கணினி பொருத்துகிறவர்களில் பலர் அதே மேசையில் ஆர்டுயினோவும் மைக்ரோபிட்டும் வைத்திருப்பவர்கள். அங்கே இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. ஆனால் அங்கே அதை யாருமே கேட்பதில்லை.

கணினிக்கு 1000 வாட் கேட்கும் அதே மாணவர் தன் ரோபோவுக்கு என்ன கொடுக்கிறார் தெரியுமா? தீயெச்சரிக்கைக் கருவிக்குப் போடும் சின்ன 9 வோல்ட் சதுர பேட்டரி. அதற்குள் ஆறு குட்டிச் செல்கள் வரிசையாக இருக்கின்றன, உள்மின்தடை அதிகம். சிறிய சர்வோ மோட்டார் ஒன்று அசைய முடியாமல் திணறும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கணத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து, ஆர்டுயினோ மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாணவரோ நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார், சில சமயம் போட்டிக்கு முதல்நாள் இரவு முழுக்க. மறுமின்னேற்றம் செய்யக்கூடிய ஏஏ பேட்டரிகள் நான்கை வரிசையாக வைத்தால் 4.8 வோல்ட், சர்வோவுக்கு அது போதும். சர்வோவின் தரைக்கம்பியையும் ஆர்டுயினோவின் தரைமுனையையும் இணைக்க மறக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. “இந்த அடாப்டர் 3 ஆம்பியர், என் போர்டுக்கு அரை ஆம்பியர் போதும், மாட்டினால் எரிந்துவிடுமா?” என்று கேட்பார்கள். எரியாது. வோல்ட் பொருந்த வேண்டும். ஆம்பியர் அதிகமாக இருக்கலாம். தனக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதைச் சுற்றுதான் தீர்மானிக்கிறது. படிவம் 5 இயற்பியலில் வரும் ஓமின் விதி சொல்வதும் இதைத்தான்.

இங்கிருந்துதான் பலர் ஆபத்தான ஒரு முடிவுக்குத் தாவுகிறார்கள். ஆம்பியர் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை என்றால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியின் பவர் சப்ளையையே ஆர்டுயினோவுக்கு வைத்துக்கொள்ளலாமே! அதில் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட், மஞ்சளில் 12, ஆரஞ்சில் 3.3. பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் தாய்ப்பலகை இல்லாமலே இயங்கத் தொடங்கும். காசு செலவில்லை, குப்பையும் குறைகிறது. யோசனை நன்றாகத்தான் தெரிகிறது. பெரியவர்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள். அவர்களில் விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் ஃபியூஸ் வைத்துச் செய்கிறார்கள். இடைநிலைப்பள்ளி மாணவர் ஃபியூஸ் இல்லாமல் படுக்கையறை மேசையில் இதைச் செய்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒழுங்காக இருக்கும் சுற்று தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்பது சரி. தவறாகப் பொருத்திய சுற்று? பிரெட்போர்டில் ஒரு கம்பி ஒரு துளை தள்ளிச் செருகப்பட்டால் போதும், 5 வோல்ட்டும் தரையும் கிட்டத்தட்ட நேரடியாகத் தொட்டுக்கொள்ளும். இப்போது மின்னோட்டத்துக்கு எல்லை வைக்கச் சுற்றில் எதுவும் இல்லை. கொடுக்கும் பக்கம்தான் நிறுத்த வேண்டும்.

பழைய கணினிப் பவர் சப்ளையின் 5 வோல்ட் வரி 20 ஆம்பியர் கொடுக்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலவற்றில் அந்த அளவு உண்டு. நாம் பயன்படுத்தும் மெல்லிய ஜம்பர் கம்பி 28 கேஜ் என்றால், 20 சென்டிமீட்டருக்கு அதன் மின்தடை ஏறக்குறைய 0.043 ஓம். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும். 20 பெருக்கல் 20 பெருக்கல் 0.043. ஏறக்குறைய 17 வாட்.

17 வாட் கேட்கச் சின்னதாக இருக்கிறதா? ஈயம் உருக்கும் சிறிய சோல்டரிங் அயர்ன் 25 வாட்டில் வேலை செய்கிறது. உங்கள் மேசையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கம்பி அந்த வேலையைச் செய்யத் தொடங்கும். உறை உருகும், புகையும். பவர் சப்ளை நிறுத்தாதா? அது கணினிக்காகக் கட்டப்பட்டது. 20 ஆம்பியர் அதற்கு அன்றாட வேலை. மின்தடையே இல்லாத முழுமையான குறுக்குச்சுற்று என்றால் நின்றுவிடலாம். மெல்லிய கம்பியும் தளர்ந்த துளைகளும் கொடுக்கும் கொஞ்சம் மின்தடை இருந்தால், பெரிய கணினி ஒன்று இயங்குகிறது என்று எண்ணிக்கொண்டு தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதே பிழையை 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரோடு செய்து பாருங்கள், கணக்கில்தான்! 2 பெருக்கல் 2 பெருக்கல் 0.043. ஏறக்குறைய 0.17 வாட். தொட்டாலும் சூடு தெரியாது. மின்னோட்டம் பத்தில் ஒன்றானால் வெப்பம் நூறில் ஒன்றாகிறது. அதே கம்பி, அதே பிழை, அதே 5 வோல்ட். வேறுபாடு முழுவதும் கொடுக்கிறவரின் கையில் இருக்கிறது.

மூன்று முனைப் பிளக்கில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்த 13 ஆம்பியர் ஃபியூஸ் ஏறக்குறைய 3000 வாட் வரை சும்மா இருக்கும். அது காப்பது சுவரிலிருந்து வரும் தடித்த கம்பியை. உங்கள் ஜம்பர் கம்பி இருப்பதே அதற்குத் தெரியாது. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் மின்கசிவுத் தடுப்பானும் அப்படியே. மின்சாரம் மனித உடல் வழியாகத் தரைக்குக் கசிந்தால் அது துண்டிக்கும். 5 வோல்ட் பக்கம் நடக்கும் சண்டை அதன் காதுக்கு எட்டாது.

ஆகவே தொடக்கத்தில் யு.எஸ்.பி. அடாப்டரே நல்ல துணை. மலேசியாவில் சிரிம் முத்திரை, சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இது 230 வோல்ட்டோடு நேரடி உறவு வைத்திருக்கும் பொருள். ஆர்டுயினோ ஊனோ போர்டைக் கூர்ந்து பாருங்கள். யு.எஸ்.பி. நுழைவாயில் அருகே 500 மில்லி ஆம்பியரில் தடுத்து, சூடு தணிந்ததும் தானே மீளும் குட்டி ஃபியூஸ் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நீங்கள் தப்பாகச் செருகுவீர்கள் என்று வடிவமைத்தவர்களுக்கு முன்பே தெரியும்! அதைத் தாண்டி 5 வோல்ட் முனையில் நேரடியாகப் பெரிய பவர் சப்ளையை இணைத்தால் அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள்.

வெளியே எடுத்துச் செல்ல வேண்டுமானால் பவர் பேங்க் பரவாயில்லை. உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கும். மிகக் குறைந்த மின்னோட்டம் எடுத்தால் யாருமே மாட்டவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் அணைந்துவிடும், அது ஒரு தொல்லை. ஆனால் பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிளந்து எடுத்த 18650 லித்தியம் செல்கள் கூடவே கூடாது. குறுக்குச்சுற்றில் ஒரே ஒரு செல் பல பத்து ஆம்பியர்களைக் கொட்டும். அதை நிறுத்த வேண்டிய சுற்று, நீங்கள் பிளந்து எறிந்த உறைக்குள்தான் இருந்தது.

பழைய பவர் சப்ளையின் மூடியைத் திறப்பதைப் பற்றி விவாதமே வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

பள்ளிகளிடமும் ஒரு வேண்டுகோள். மலேசியாவில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் மின்னியல் வருகிறது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியிலேயே மைக்ரோபிட் கையில் கிடைக்கிறது. நிரல் எழுதக் கற்றுத் தரும் அளவுக்கு மின்சாரம் கொடுக்கக் கற்றுத் தருகிறோமா? அறிவியல் கண்காட்சி நடுவர்கள் ரோபோ கோட்டின்மேல் ஓடுகிறதா என்று பார்க்கும்போதே, கம்பி தவறினால் எது நிறுத்தும் என்றும் கேட்டு மதிப்பெண் போடலாம். மின்னோட்ட வரம்பை நாமே திருகி வைக்கும் ஆய்வகப் பவர் சப்ளை ஒவ்வொரு மின்னணுக் கழகத்திலும் ஒன்றாவது இருக்க வேண்டும். புதிய சுற்றுக்கு முதலில் 0.2 ஆம்பியர் மட்டும் அனுமதித்து, எல்லாம் சரி என்றால் ஏற்றலாம்.

அது வரும்வரை கண்ணாடி ஃபியூஸ் ஒன்றும் அதை மாட்டும் பிடியும் வாங்குங்கள். கோலாலம்பூர் ஜாலான் பசார் கடைகளிலும் சிங்கப்பூர் சிம் லிம் டவரிலும் மலிவாகவே கிடைக்கும். 1 ஆம்பியர் ஃபியூஸை 5 வோல்ட் கம்பியில், பிரெட்போர்டுக்குப் போகும் வழியில் வையுங்கள். முதல் ஃபியூஸ் சீக்கிரமே எரியும். கூடுதலாக ஐந்தாறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.