முட்டை லாரி முதல் ஹார்முஸ் வரை... சர்வதேச அரசியல் படித்தால் என்ன வேலை? சேலம், நாமக்கல் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால் ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், எடப்பாடி என எந்த ஊர் வீட்டிலும் ஒரே பேச்சுதான். "அடுத்து என்ன படிக்கிறது?" இன்ஜினியரிங், நர்சிங், பி.காம்., வேளாண்மை என்று பட்டியல் ஓடும். அந்த இடத்தில் ஒரு பிள்ளை "சர்வதேச அரசியல் படிக்கப் போறேன்" என்று சொன்னால் வீடு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். பிறகு அப்பா கேட்பார்: "ஏங்கண்ணு, அதைப் படிச்சுப்போட்டு எந்த வேலைக்குப் போறது?"

நியாயமான கேள்விதான். மூன்று வருடமும், குடும்பத்தின் பணமும் சம்பந்தப்பட்ட விஷயம். இந்தப் படிப்பு என்ன, எங்கே கிடைக்கிறது, எதற்கு உதவும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

முட்டைக்கும் உலக அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் ஓமன் அரசு புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியபோது, நாமக்கல் முட்டைகள் அந்நாட்டின் சோகர் துறைமுகத்தில் தேங்கின. விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது.

அடுத்து 2025 ஜூன். பறவைக் காய்ச்சலால் அமெரிக்காவில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்திருந்த நேரத்தில், நாமக்கல்லில் இருந்து முதல்முறையாக சுமார் 1 கோடி முட்டைகள் அங்கே அனுப்பப்பட்டன. அதே மாதம் இஸ்ரேல், ஈரான் இடையே 12 நாள் போர் நடந்தது. கத்தாரில் உள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை வீசியது. நாமக்கல் முட்டையை வாங்கும் நாடுகளில் கத்தாரும் ஒன்று.

இப்போது மேப்பை எடுத்துப் பாருங்கள். கத்தாருக்குக் கப்பல் போக ஹார்முஸ் நீரிணையைத் தாண்டியே ஆக வேண்டும். வேறு கடல் வழி கிடையாது. ஆனால் ஓமனின் சோகர் துறைமுகம் அந்த நீரிணைக்கு வெளியே இருக்கிறது. போர் வந்தால் எந்த ஆர்டர் சிக்கும், எது தப்பிக்கும் என்பதை இந்த ஒரு மேப்பே சொல்லிவிடும். சர்வதேசப் பாதுகாப்புப் படிப்பின் முதல் பாடமும் ஏறக்குறைய இதுதான்.

வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள்?

அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். உலகத்துக்கு மேலே ஒரு போலீஸ் ஸ்டேஷன் இல்லாதபோது, நாடுகள் தங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்கின்றன?

பக்கத்து வீட்டுக்காரர் பயத்தில் காம்பவுண்ட் சுவரை உயர்த்துகிறார். அதைப் பார்த்து நமக்குச் சந்தேகம் வந்து நாமும் உயர்த்துகிறோம். அவர் நாய் வாங்குகிறார், நாம் கேமரா மாட்டுகிறோம். இருவருக்கும் சண்டை போடும் எண்ணமே இல்லை, ஆனாலும் பகை வளர்ந்துவிடுகிறது. இதைப் 'பாதுகாப்புத் தடுமாற்றம்' என்கிறார்கள். ஆயுதப் போட்டிகளைப் புரிந்துகொள்ள உதவும் கருத்து இது.

அதோடு அதிகாரச் சமநிலை, பொருளாதாரத் தடை, அணு ஆயுத ஒப்பந்தங்கள், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் 5 நாடுகளுக்கு மட்டும் உள்ள வீட்டோ அதிகாரம், சைபர் தாக்குதல், உணவு மற்றும் எரிசக்திப் பாதுகாப்பு ஆகியவையும் பாடத்தில் வரும்.

இதெல்லாம் சேரும்போது, தனித்தனியாகத் தெரிந்த செய்திகள் ஒரே சங்கிலியாகத் தெரியத் தொடங்கும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. மேற்கு நாடுகள் ரஷ்யா மீது தடை விதிக்க, விலை குறைந்த ரஷ்ய கச்சா எண்ணெயை இந்தியா அதிகம் வாங்கியது. அதைக் காரணம் காட்டி, ஏற்கெனவே இருந்த 25% வரியோடு இன்னொரு 25% வரியை 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா விதித்தது. அப்போது பெரும்பாலான இந்தியப் பொருட்களுக்கு 50% வரி ஆனது. எங்கோ நடந்த போர், ஏற்றுமதி ஜவுளியை நம்பியிருக்கும் குமாரபாளையம் தறிக்காரர் வரைக்கும் வந்து நின்றது இப்படித்தான்.

சேலத்தில் இருந்து வெள்ளை மாளிகைக்கு

இது டெல்லிக்காரர்களுக்கான விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1962 செப்டம்பரில் அமெரிக்கா சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டு சோதனைகளை நிறுத்துங்கள் என்று வலியுறுத்துவதற்காகவே, காந்தி அமைதி அறக்கட்டளையின் குழுவோடு சென்ற பயணம் அது. அப்போது அவருக்கு வயது 83. அடுத்த ஆண்டே, 1963 ஆகஸ்டில், வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணு சோதனை நடத்துவதைத் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தச் சந்திப்புதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் உலகப் பாதுகாப்பைப் பற்றிப் பேச சேலத்துக்காரருக்கும் இடம் இருந்தது என்பது வரலாறு.

எங்கே படிக்கலாம்?

இங்கேதான் சிக்கல். இந்தியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சர்வதேச உறவுகள் தனிப் பாடமாக பெரும்பாலும் எம்.ஏ. அளவில்தான் இருக்கிறது. டெல்லி ஜே.என்.யூ., புதுச்சேரி பல்கலைக்கழகம் ஆகியவை உதாரணங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகளுக்கு என்றே தனித் துறை உள்ளது.

இளநிலையில் இருக்கும் வழிகள்:

* பி.ஏ. அரசியல் அறிவியல். அரசுக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். சர்வதேச உறவுகள் இதில் ஒரு பகுதியாக வரும்.

* பி.ஏ. பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகள். சென்னை குருநானக் கல்லூரி போன்ற சில இடங்களில் மட்டுமே உண்டு.

* மத்தியப் பல்கலைக்கழகங்கள். 2022 முதல் கியூட் நுழைவுத்தேர்வு மூலம் சேர்க்கை நடக்கிறது. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கும் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

* தனியார் பல்கலைக்கழகங்கள். 'குளோபல் அஃபயர்ஸ்' போன்ற பெயர்களில் நடத்துகிறார்கள். ஆண்டுக்குப் பல லட்சம் செலவாகலாம்.

அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் கலைப் படிப்புக்கும் பொருந்தும்.

சரி, வேலை கிடைக்குமா?

நேராகச் சொன்னால், இந்த டிகிரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கேம்பஸ் இன்டர்வியூவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பி.ஏ.வோடு நிறுத்தாமல் மேலே போகிறவர்களுக்கே இது பலன் தரும்.

யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளில் சர்வதேச உறவுகளும், மூன்றாம் தாளில் உள்நாட்டுப் பாதுகாப்பும் பாடத்திட்டத்திலேயே உள்ளன. 'அரசியல் அறிவியல் மற்றும் சர்வதேச உறவுகள்' என்ற விருப்பப் பாடத்துக்கு மட்டும் 500 மதிப்பெண். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். வெளியுறவுப் பணிக்கும் இதே தேர்வுதான் வாசல். ராணுவ அதிகாரியாக சி.டி.எஸ். தேர்வும், மத்திய ஆயுதப்படை உதவி கமாண்டன்ட் தேர்வும் பட்டதாரிகளுக்கு இருக்கின்றன. எம்.ஏ. முடித்து நெட் தேர்வில் வென்றால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முயற்சிக்கலாம். ஏற்றுமதி நிறுவனம், கப்பல் சரக்கு, ஊடகம், ஆய்வு மையங்கள் என்ற வழிகளும் உண்டு. ஆனால் அங்கே டிகிரியின் பெயரைவிட, கூடவே என்ன தெரியும் என்பதைத்தான் கேட்பார்கள்.

சேரும் முன் செய்ய வேண்டியவை

* கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். சர்வதேச உறவுகளுக்கு எத்தனை தாள், நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

* கூடவே ஒரு திறமை சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல ஆங்கிலம் கட்டாயம். வளைகுடா வியாபாரம் நடக்கும் ஊருக்கு அரபி மொழி பலம். புள்ளியியல், ஏற்றுமதி ஆவண வேலை ஆகியவையும் கை கொடுக்கும்.

* 'குளோபல்' என்ற பெயருக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்க வேண்டாம். குறைந்த செலவில் பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்து, நல்ல பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்வது பல குடும்பங்களுக்குப் பாதுகாப்பான வழி.

பண்ணையில் தீவனம் போடவும், லாரி ஓட்டவும், தறி நெய்யவும் இந்த ஊரில் ஆள் இருக்கிறார்கள். சரக்கு போகும் நாட்டில் நாளைக்கு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லத்தான் ஆள் குறைவு. "எந்த வேலைக்குப் போறது?" என்ற அப்பாவின் கேள்விக்கு, திட்டத்தோடு படிக்கும் பிள்ளையிடம் பதில் இருக்கும்.